அவிநாசிக்கு வந்த விருந்தாளிகள்

அவிநாசி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டுத் தந்த கதைதானே? வறண்ட குளத்தில் நீர் நிரம்பி, முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்ந்ததாம். அந்தக் கதையின் அருமை, ஒரு தை மாதத்தில் அவ்வூர்ப் பக்கத்துக் குட்டைக் கரையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

நான் போனது என்னவோ பறவை பார்க்க. அவிநாசி வழியே வரும் நல்லாறு, திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்துக்கு நீர் தருகிறது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் கம்பெனிகளின் ஊரில் பறவைகளுக்கும் ஒரு சொந்த வீடு!

விடியற்காலை அங்கே போய்ச் சேர்ந்தேன். முக்குளிப்பான் 'டபக்'கென்று மூழ்கி, நான் பார்க்காத இடத்தில் தலை நீட்டியது. கூழைக்கடா பெரிய மனிதர் தோரணையில் மிதந்தது. கரையில் கோரை, அதற்கப்பால் சீமைக் கருவேலம். மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்திலிருந்து வந்து, போக மறுக்கும் விருந்தாளி அது! இமயத்தையே தாண்டி வரும் வரித்தலை வாத்தோ, அன்று எனக்குத் தரிசனம் தரவில்லை.

ஏமாற்றத்தோடு அவிநாசி திரும்பும் வழியில்தான் அந்தக் குட்டை. ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நா வாக்கப்பட்டு வந்தப்ப இதுல தண்ணி கெடந்துதுங்க அம்மிணி. அப்பறம் குட்டையும் காஞ்சுது, கெணறும் காஞ்சுது. ஊட்டுல அத்தன பேரும் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க" என்றாள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் கேட்டு வந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. பவானியின் உபரி நீரைக் குழாய் வழியே 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் அது. பாட்டியின் குட்டையிலும் இப்போது நீர். நீரில் இரண்டு நாரைகள்.

"எம் பேரன் இதப் பாத்ததே இல்லீங்க. அதென்ன குருவின்னு கேட்டான்."

"என்ன சொன்னீர்கள், பாட்டி?"

"நம்மூட்டுக் குருவிதான் சாமி, இத்தன நாளா ஊருக்குப் போயிருந்துதுன்னு சொன்னனுங்க."

நான் வாத்தை மறந்து, அந்த நாரைகளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.