மவுஸ் யார் கையில்?

அரசுப் பள்ளியில் ஒரே கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்திருப்பார்கள். மவுஸ் மட்டும் ஒருவன் கையில். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் இருந்த கென்டாரோ டொயாமாவின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஆளுக்கொரு மவுஸ், திரையில் ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி. என்ன அழகான யோசனை!

அதே டொயாமா 2015இல் 'கீக் ஹெரஸி' என்ற புத்தகம் எழுதினார். நன்றாக நடக்கும் பள்ளிக்குத்தான் கருவி கைகொடுக்கும், தடுமாறும் பள்ளியை அது கரையேற்றாது என்பது அவர் கட்சி. (விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.)

இப்போது என் மகள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வாங்கும் பேச்சு. விலை பேசியாயிற்று. எந்தப் பாடத்துக்கு, ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருவார், பழுதானால் யார் வருவார்? பதிலில்லை. வாங்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வையுங்கள் என்றேன். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எதோடு ஒப்பிடுவது?