கணினி வாங்கப் போன கல்யாண வீடியோக்காரர்

ஆடி மாதம் வந்தால் துணிக்கடைகளில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கோ அது ஈ ஓட்டும் மாதம். திண்டிவனம் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்த அண்ணன், 2024 ஆடியில்தான் புதுக் கணினி வாங்குவது என்று முடிவு செய்தார். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் கணினி தயாராக வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் கையிலிருந்த நான்கு வளையல்களில் இரண்டு பேங்கில் அடகுக்குப் போயின. 1,25,000 ரூபாய் கிடைத்தது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, அதாவது மாதம் 940 ரூபாய் அளவில். மிச்சம் இரண்டு வளையல் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தைரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இத்தனைக்கும் பழைய கணினி கெட்டுப்போகவில்லை. கெட்டது கேமராவால்! 2023-இல் வாங்கிய புது கேமரா 4கே படத்தை 10 பிட், 4:2:2 என்ற முறையில் பதிவு செய்யும். சாதாரண 4:2:0 பதிவில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும், நிற விவரம் அதில் கால் பங்குதான் இருக்கும். 4:2:2-இல் நிற விவரம் பாதி அளவுக்கு இருக்கும். அரக்குப் பட்டுப்புடவை மேல் மேடையின் ஊதா விளக்கு விழும்போது, பின்னால் நிறத்தைச் சரிசெய்ய இந்தக் கூடுதல் விவரம்தான் கைகொடுக்கும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து ஓட்டினால் பழைய கணினி திக்கித் திக்கி நடந்தது. நாதஸ்வரம் ஒரு பக்கம் ஓடும், தாலி கட்டும் கை இன்னொரு பக்கம் உறைந்து நிற்கும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ப்ராக்ஸி. எல்லாக் கோப்புகளுக்கும் லேசான நகல் ஒன்று செய்து, அதை வைத்து எடிட் செய்து, கடைசியில் அசலுக்கு மாற்றிக்கொள்வது. நல்ல வழிதான், செலவும் இல்லை. நேரம்தான் போகும். ஒரு கல்யாணத்துக்கு நகல் எடுக்க மட்டும் ஒன்றரை நாள். மாதம் நான்கு கல்யாணம் என்றால் ஆறு நாள் கணினியைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். வட்டி 940 ரூபாய் பெரிதா, இந்த ஆறு நாள் பெரிதா என்று பார்த்தால் கணக்கு சுலபம்.

சரி, கணினிக்கு வருவோம்.

எழும்பூர் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ, இறங்கினால் ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கிடையாது. ஒரு கடையில் "வீடியோ எடிட்டிங்குக்கு, நல்லா பவர்ஃபுல்லா" என்று கேட்டார். கடைப் பையன் ஐந்து நிமிடத்தில் கொட்டேஷன் போட்டுக் கொடுத்தான். மொத்தம் 1,39,500 ரூபாய். கையில் இருப்பதைவிட 14,500 அதிகம். மூன்றாவது வளையல் அவர் கண் முன்னால் வந்துபோனது.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு 55,000. ப்ராசசர் கோர் ஐ7 14700எஃப், 33,000. அதைக் குளிர வைக்கத் தண்ணீர் கூலர், உள்ளே கலர் விளக்கு எரியும் கண்ணாடி கேபினட், விளக்கு எரியும் ரேம். கடைசியில் ஒரு 500 ஜிபி எஸ்.எஸ்.டி., ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க், இரண்டும் சேர்த்து 8,500. நூறு ரூபாயில் 39 ரூபாய் கிராபிக்ஸ் கார்டுக்கு, 6 ரூபாய் படங்களைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு. கடைப் பையனைக் குறை சொல்ல முடியாது. பவர்ஃபுல் என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் கேம் ஆடுபவர்கள். அவர்களுக்கு அது நல்ல கொட்டேஷன்தான்.

அண்ணன் முன்பணம் கொடுக்கும் முன் அக்கா மகனுக்குப் போன் போட்டார். அவன் கணினி சர்வீஸ் வேலையில் இருப்பவன். மாடல் பெயர்களை வரிசையாகப் படித்துக்காட்டினார்.

"மாமா, ப்ராசசர் பேருக்குக் கடைசியில எஃப்னு போட்டிருக்கா?"

"ஆமாம்டா, 14700எஃப்."

"வேண்டாம் மாமா. பணம் குடுக்காதீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

இன்டெல் ப்ராசசரில் அந்த எஃப் என்ற எழுத்துக்கு அர்த்தம், உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்பது. அதனால் விலை இரண்டாயிரம் ரூபாய் அளவுக்குக் குறையும். தனியாகப் பெரிய கார்டு போடும்போது உள்ளே இருக்கும் குட்டி கிராபிக்ஸ் எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. சுருக்கிப் பதிந்த வீடியோவை விரித்துக்காட்டுவதற்கென்று அந்தக் குட்டிப் பகுதியில் குவிக் சிங்க் என்று தனி ஏற்பாடு உண்டு. ஹெச்.265 முறையில் பதிந்த 10 பிட் 4:2:2 கோப்பை அது நேரடியாகப் படிக்கும். 55,000 ரூபாய் 4070 கார்டுக்கு அது தெரியாது! நிறத்தைத் திருத்தவும் எஃபெக்ட் போடவும் பெரிய கார்டு கில்லாடிதான். ஆனால் அண்ணன் காத்துக்கொண்டிருந்தது அதற்கெல்லாம் முந்தைய படியில், கோப்பைப் படிக்கும் இடத்தில். அந்த ஒரு எழுத்தோடு வாங்கியிருந்தால் அந்த வேலை முழுக்க ப்ராசசரின் தலையில் விழுந்திருக்கும். வளையலையும் வைத்து, ப்ராக்ஸியும் எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொரு சிக்கலும் அதே மாதத்தில் இருந்தது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் கணினி நிலைகுலைகிறது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. பெட்டியோடு விற்ற ப்ராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே பழுதான ப்ராசசரை அப்டேட் குணப்படுத்தாது. ஆகவே அக்கா மகன் ஒரு படி கீழே இறங்கச் சொன்னான். 12-ஆம் தலைமுறை ஐ7 12700, எஃப் இல்லாதது. 2022-இல் வந்த சரக்கு. 12 கோர், குவிக் சிங்க் உண்டு, அந்த வோல்டேஜ் பிரச்சினை கிடையாது, பெட்டியிலேயே ஃபேன் வரும். தண்ணீர் கூலர் செலவும் மிச்சம்.

மற்றதெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார்கள். எதை எழுதும்போதும் அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "மாமா, இது உங்க வேலையில எந்த இடத்துல வருது?"

ரேம் 32 ஜிபி. ஒரே பட்டையாக இல்லாமல் 16 ஜிபி இரண்டாக. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும். மதர்போர்டில் நான்கு இடம் இருந்ததால் இரண்டு காலி. அது டிடிஆர்4 போர்டு. டிடிஆர்5 ரேம் அதில் உட்காரவே உட்காராது என்பதால் இரண்டையும் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டும். (கல்யாண வீட்டு வேலைக்காரருக்குப் பொருத்தம் பற்றிச் சொல்லியா கொடுக்க வேண்டும்!)

கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4060. 28,000. அவருடைய நிறத் திருத்தத்துக்கும் டைட்டிலுக்கும் அது போதும். இதுவே பிளெண்டரில் 3டி செய்பவராக இருந்தால் கணக்கு தலைகீழ். அங்கே படத்தை உருவாக்கும் வேலையே கார்டுடையது, காட்சி மொத்தமும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் வேகம் கிடைக்கும். அவர் 4070-க்குப் போவதுதான் நியாயம். பாட்டு ரெக்கார்டிங் செய்பவருக்கோ கார்டு பெயருக்கு இருந்தால் போதும், சத்தம் போடாத ஃபேன்தான் முக்கியம். எல்லாமே கலை வேலைதான், கணினி மட்டும் வேறு வேறு.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். 80 ப்ளஸ் முத்திரை இருந்தாலே தரம் என்று நினைப்பது தவறு. அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நல்ல பெயருள்ள கம்பெனியின் 650 வாட் ஒன்றை 5,000-க்கு எழுதினார்கள். கூடவே 5,500-க்கு ஒரு யுபிஎஸ். ஏற்றுமதி 90 சதவீதத்தில் இருக்கும்போது கரண்ட் போன அனுபவம் அண்ணனுக்கு நிறையவே உண்டு.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். அந்த வரி வந்தபோது அண்ணனே பேனாவை வாங்கிக்கொண்டார்.

காரணம் உண்டு. 2022-இல் ஒரு ஹார்ட் டிஸ்க் திடீரென்று செத்துப்போனது. வேறு நகல் இல்லை. அதில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முழுதும் இருந்தது. மணப்பெண்ணின் தாத்தா மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசியதும் அதில்தான். மூன்று மாதம் கழித்து அந்தப் பெரியவர் இறந்துபோனார். அவர் குரல் இருந்த ஒரே வீடியோ அது என்று பிறகுதான் தெரிந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்கள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

அவருடைய கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்த்து ஒரு கல்யாணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 540 ஜிபி. முதல் கொட்டேஷனில் இருந்த 2 டிபி டிஸ்க் நாலாவது கல்யாணத்திலேயே மூச்சு முட்டியிருக்கும். நகலுக்கு இடமே இல்லை. ஆகவே விண்டோஸுக்கு ஒரு 500 ஜிபி, ஓடிக்கொண்டிருக்கும் கல்யாணத்துக்கு ஒரு 1 டிபி என்விஎம்இ எஸ்.எஸ்.டி. முடிந்ததை வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்றைக் கழற்றி மாமியார் வீட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்து 28,000. கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவோ, அதே தொகை. எரிந்துபோன கார்டைக் காசு கொடுத்து மறுபடி வாங்கலாம். கட்டிய தாலியை வீடியோவுக்காக மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

மொத்தம் 1,14,500. பில்லோடுதான். பில் இல்லாமல் கொஞ்சம் குறையுமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பதிவு செய்யாத சின்ன ஸ்டூடியோவுக்கு அது திரும்பியும் வராது. ஆனால் பில் இல்லாமல் வாரண்டி கேட்டு நிற்பது அதைவிடச் செலவு. இன்னொன்று, வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க் கணினி முதல் ஆண்டில் 60,000, அடுத்த ஆண்டில் 36,000, மூன்றாம் ஆண்டில் 21,600 என்று ஏட்டில் இறங்கிவிடும். 'பின்னாடி தேவைப்படும்' என்று இன்றைக்கே வாங்கிவைக்கும் பாகமும் அதே வேகத்தில்தான் தேயும். அதற்குக் காலி இடம் விட்டுவைத்தால் போதும்.

கணினி வந்தது. முதல் நாள் ராத்திரி 4:2:2 கோப்பைப் போட்டு ஓட்டினார். திக்கித் திக்கி... பழைய கதைதான்! மனைவி வாசலில் நின்று திரையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அக்கா மகன் போனிலேயே சொல்லச் சொல்ல பயாஸுக்குள் போனார். தனி கார்டு செருகினால் உள் கிராபிக்ஸைப் பல மதர்போர்டுகள் தாமாகவே அணைத்துவிடும். அதைத் திரும்ப ஆன் செய்ய ஒரு வரி மாற்ற வேண்டும். மாற்றி, டிரைவர் போட்டு, மறுபடி ஓட்டினார். நாதஸ்வரமும் கையும் ஒன்றாகப் போயின. "இப்போ நல்லா ஓடுதே" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி தூங்கப் போனார்.

அதற்குப் பிறகு சந்தை மாறிவிட்டது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் 4:2:2 படிக்கக் கற்றுக்கொண்டன. 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறியது, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி போதவில்லை. ஆகவே அண்ணன் வாங்கிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டாம்.

அக்கம்பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் இப்போது அவரிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். "எந்த கார்டு போடலாம்ணே?" என்பார்கள். அவர் பதில் சொல்வதில்லை. அக்கா மகன் கேட்ட கேள்வியைத்தான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறார்.

"வேலை செய்யும்போது எந்த இடத்துல காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க தம்பி? அதச் சொல்லுங்க முதல்ல."