நகம் தட்டிய இடம்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி வாகனப் புகைக்கான பாரத் 6 விதி அமலுக்கு வந்ததும், அதே மாதம் மாருதி நிறுவனம் டீசல் கார்களை அடியோடு கைவிட்டதும், மறு ஆண்டு செப்டம்பரில் மறைமலை நகரில் வண்டி செய்துகொண்டிருந்த ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்த செய்திகள். புதிய டீசல் வண்டிகள் இவ்வாறு குறையவும், மலையேறுவதற்கும் மண்பாதைக்கும் சுமைக்கும் டீசலைத் தவிர வேறு கதியில்லை என்று நம்புகிற விவசாயிகளும் காண்டிராக்டர்களும் பிறர் ஓட்டிக் கழித்த எஸ்.யூ.வி.களைத் தேடிப் போனார்கள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் நண்பரும் அவர்களில் ஒருவர். ஒன்பது வயதான வண்டியொன்றை ஒரு தரகர் மூலம் 6,40,000 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய சில மாதங்களில், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாமல், அது வெண்புகை கக்கி நின்றுவிட்டது. பொள்ளாச்சி மெக்கானிக் எஞ்சினை இறக்கிப் பிரித்து, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கையும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட்டையும் கோயமுத்தூர் கணபதியிலுள்ள ஒரு போரிங் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். "பிளாக்கை அளக்கும்போது கூட இருங்கள், உங்களுக்கு எழுத விஷயம் கிடைக்கும்" என்று நண்பர் அழைத்தார்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துத் தெருக்களில் நடப்பவர்களுக்கு லேத்தின் ஓசை புதிதன்று. நாங்கள் போன பட்டறையின் உரிமையாளர் இளைஞர். ஆனால் உள்ளே வருகிறவர்கள் தேடுவது அங்கே தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு முதியவரைத்தான். மேஸ்திரி என்றே எல்லோரும் அவரை அழைக்கிறார்கள். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். காது மந்தம், ஆகையால் சற்று உரக்கப் பேசுகிறார்.

முதலில் ஹெட்டைக் காட்டினார். நேர்ச்சட்டம் ஒன்றை அதன் முகத்தில் குறுக்காக நிறுத்தி, அடியில் மெல்லிய ஃபீலர் தகட்டை நுழைத்தார். நடுப்பகுதியில் தகடு தடையின்றிப் புகுந்தது. "இதுல நூறுல அஞ்சு மில்லிமீட்டர் வரைக்கும் பொறுத்துக்கலாமுங்க. இது நாலு மடங்கு வளைஞ்சு கெடக்குது" என்றார். ஹெட் அலுமினியம், அடியிலுள்ள பிளாக் வார்ப்பிரும்பு. உஷ்ணத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. தண்ணீர் உரிய அளவில் ஓடும்வரை இரண்டுக்கும் சச்சரவில்லை. முந்தைய உடைமையாளர் கூலண்டுக்குச் செலவு செய்ய மனமின்றிக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். ரேடியேட்டரின் நுண்குழாய்களில் துருவும் சுண்ணமும் படிந்து பாதி வழி அடைந்துபோயிருந்தது. எஞ்சியிருந்த தண்ணீரும் மலையேற்றத்தில் ஆவியாகிவிட்டது. உஷ்ணத்தை அளக்கும் சென்ஸார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் வற்றியபின் அது வெறும் காற்றில் நின்றது. ஆகவே நண்பர் பார்த்துக்கொண்டிருந்த முள் அபாயம் முற்றிய தருணத்தில் கீழே இறங்கியது. வண்டி ஆறிவிட்டது என்று எண்ணி மேலும் ஓட்டியிருக்கிறார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கட் எரிந்து, தண்ணீர் வழியும் எண்ணெய் வழியும் ஒன்றாகி, எண்ணெய்த் தொட்டியில் பாலூற்றிய தேநீரின் நிறத்தில் ஒரு குழம்பு தேங்கியிருந்தது. சில ஆயிரம் ரூபாயில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூலண்ட் மாற்றியிருந்தால் நேராமல் போயிருக்கக்கூடிய விபத்து இது.

பிறகு பிளாக்கிடம் வந்தார். போர் கேஜை எடுப்பதற்கு முன் கட்டைவிரல் நகத்தைச் சிலிண்டரின் உள்சுவரில் வைத்து மெதுவாக மேல்நோக்கி இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டி நின்றது. என்னையும் செய்து பார்க்கச் சொன்னார், எனக்கும் தட்டியது. பிஸ்டனின் மேல் ரிங் எங்கே போய்த் திரும்புகிறதோ அந்த இடத்தில்தான் சுவர் மிகுதியாகத் தேயும். அதற்கு மேல் ரிங் தொடாத வளையம் தேயாமல் நிற்பதால், நாளடைவில் அங்கே ஒரு படி உண்டாகிறது. "மீட்டர் எத்தனைங்க காட்டுச்சு?" என்று கேட்டார். "72,000" என்றார் நண்பர். மேஸ்திரி அதற்குப் பதில் சொல்லவில்லை. போர் கேஜைத் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்துப் பூஜ்யம் அமைத்து, சிலிண்டருக்குள் இறக்கினார்.

அந்தக் கருவியை அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சம்மதமே. நீண்ட தண்டு, அதன் அடியில் இரு புறமும் சுவரைத் தொடும் சிறு முனைகள், மேலே கடிகார முகம். தண்டை முன்னும் பின்னுமாக அசைக்கும்போது முள் ஓர் எல்லை வரை சென்று திரும்புகிறது. அது திரும்பும் இடமே உண்மையான அளவு. மேலே, நடுவில், கீழே என மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு திசைகளில் அளந்தார். எரிந்த வாயு பிஸ்டனை ஒரு பக்கச் சுவரோடு அழுத்தித் தள்ளுவதால் அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்து வட்டம் நீள்வட்டமாகிறது. அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, பிகாரிலிருந்து வந்து வேலை பழகும் இளைஞன் ஒருவன் சாக்குக் கட்டியால் பிளாக்கின் மேலேயே எழுதினான். ஓர் எண்ணை அவன் தவறாக எழுதியபோது, "நாப்பத்தாறு இல்ல கண்ணு, அறுபத்துநாலு" என்று நிதானமாகத் திருத்தினார். புதிய எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி நூறில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இங்கே அது மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. "ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்குக் கொறையாதுங்க" என்று முடிவு கூறினார்.

கோயமுத்தூர் வட்டாரத்தில் மோட்டார் தொழிலை வளர்த்தவை பஸ் கம்பெனிகள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரை இங்கே எந்தப் பட்டறையிலும் மரியாதையோடு சொல்வார்கள். நம் மேஸ்திரியும் ஒரு பஸ் பட்டறையில்தான், பதின்மூன்று வயதில், மண்ணெண்ணெயில் உதிரிப் பாகங்களைக் கழுவும் பையனாகச் சேர்ந்தார். அவருடைய குரு அளவு சொல்லித் தரவில்லை. வெவ்வேறு கனமுள்ள தகடுகளைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எது தடித்தது என்று சொல்லச் சொல்வாராம். தவறினால் அன்று முழுவதும் மறுபடியும் கழுவும் வேலைதான். கருவியைத் தொட அனுமதி கிடைக்க ஆண்டுகள் ஆயின. கம்பெனி கைமாறியபோது பட்டறை மூடப்பட்டது. அதன்பின் போரிங் கடைகளில் கூலிக்கு நின்றார், இன்றும் கூலிதான். நாளொன்றுக்கு 1,100 ரூபாய்.

அடுத்த அறையில் கிராங்க் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதை விவரிக்க இங்கே அவசியமில்லை. போரிங் யந்திரம் சிலிண்டரின் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கியபின் நடக்கும் ஹோனிங்கைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். சுழலும் கற்கள் மேலும் கீழும் போய்வந்து, ஒன்றையொன்று சாய்வாக வெட்டும் நுண்ணிய கீறல்களைச் சுவரில் இடுகின்றன. எண்ணெய் தங்குவது அக்கீறல்களில்தான். பளபளவென்று வழவழப்பாக இருக்கும் சுவரே எண்ணெய் குடிக்கும் சுவர் என்று மேஸ்திரி சொன்னது எனக்குப் பெரும் பாடமாக இருந்தது.

டர்போவையும் இன்ஜெக்டர்களையும் வேறு கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கிறது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்து, ஒரு நிமிஷம்கூட ஓய்வு தராமல் சாவியைத் திருகி அணைப்பவர்கள் அந்த எண்ணெயைச் சூட்டில் கரியாக்கிவிடுகிறார்கள். சொட்டும் இன்ஜெக்டரோ பிஸ்டன் தலையில் துளை போடக்கூடியது.

இப்போது தரகரிடம் வருகிறேன். விற்பதற்கு முன் இவ்வண்டியின் மீட்டர் திருப்பப்பட்டிருக்கிறது. எஞ்சின் கழுவப்பட்டுப் பளபளப்பேற்றப்பட்டிருக்கிறது. கெட்டியான எண்ணெய் ஊற்றி நீலப் புகையும் ஓசையும் அடக்கப்பட்டிருக்கின்றன. நண்பர் பார்க்கப் போனபோது வண்டி முன்னமே ஓடிச் சூடாக இருந்ததாம். வாங்கியவரிடம் நூற்றுக்கு இரண்டு, விற்றவரிடம் நூற்றுக்கு இரண்டு என்று அந்த மனிதர் பெற்றது 25,600 ரூபாய். ஹெட்டைச் சமன் செய்யும் ஃபேசிங், வால்வு சீட் வெட்டுதல், நான்கு சிலிண்டர்களின் போரிங், ஹோனிங், கிராங்க் வேலை எல்லாம் சேர்த்துப் பட்டறைக்குக் கிடைத்தது 11,500. அதில் மேஸ்திரிக்குச் சேர்ந்தது சில நாள் கூலி. பொய்யை மூடி வைத்தவனுக்கு இரண்டு பங்கும், அதைத் தன் நகத்தால் கண்டுபிடித்தவருக்குச் சில்லறையும் என்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது? உதிரிப் பாகக் கடைகளிலும் இதே அநீதி வேறு வேஷத்தில் உலவுகிறது. அசல் பெட்டியில் போலி ரிங்குகளைப் போட்டுத் தருகிறவர்கள் உண்டென்று பட்டறை உரிமையாளர் வருந்திச் சொன்னார். வாங்குகிறவர்கள் கமிஷனுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை முன்கூட்டியே இத்தகைய மேஸ்திரி ஒருவருக்குக் கொடுத்து வண்டியைப் பார்க்கச் சொன்னால், தரகரின் ஆட்சி வெகுநாள் நிற்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அப்படிப் பார்ப்பதற்கு என்ன வேண்டும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். ராத்திரி முழுவதும் ஆறிய எஞ்சினை விடியற்காலையில் தம் முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றார். எண்ணெய் மூடியைக் கழற்றிவைத்து, அவ்வழியே வாயு குமுறி வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். 2020க்குப் பிந்திய டீசல் வண்டியானால் எண்ணெய்க் குச்சியில் அளவு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் வண்டியில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய முடியாமல் போகிறது. அம்முயற்சியில் செலுத்தப்படும் டீசல் எஞ்சின் எண்ணெயில் இறங்கிச் சேர்ந்து அதை நீர்க்கச் செய்கிறது.

பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், டர்போ கார்ட்ரிட்ஜ், நான்கு இன்ஜெக்டர்களின் புதுப்பிப்பு, மெக்கானிக்கின் கூலி யாவும் அடங்கலாக நண்பருக்கு ஆன செலவு 1,38,000 ரூபாய். ஹெட் போல்ட்டுகளைப் பழையவற்றையே மாட்டிச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கலாமா என்று அவர் கேட்டபோது மேஸ்திரி முகம் சுளித்தார். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும்படி செய்யப்பட்ட போல்ட்டுகள் அவை. மறுபடி இறுக்கினால் பிடி தளர்ந்து கேஸ்கட் மீண்டும் போகும் என்று விளக்கினார். நண்பர் புதியவற்றையே வாங்கினார்.

"வேலை முடிஞ்சதும் இதை வித்துடலாமுன்னு இருக்கறனுங்ணா" என்றார் நண்பர்.

"ஏனுங்க விக்கறீங்க? மறுபடியும் இன்னொருத்தர் எஞ்சினைத்தான வாங்குவீங்க. இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க, மலைக்குப் போகாதீங்க, அப்புறம் ஆயிலை மாத்திப்போட்டு ஒருக்கா கொண்டாந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பிளாக்கை மேஜையில் ஏற்றும்படி இளைஞனுக்குக் கை காட்டினார்.