நீலக் குறும்பன்களும் ஒரு பீங்கான் பொம்மையும்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு, வாரம் ஓர் அத்தியாயமாக, ஓர் ஆங்கிலப் புதினத்தைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி வருகிறேன். வியாழக்கிழமை இரவு பயிற்றிகளைத் திருத்தி முடித்தபின் ஓர் அத்தியாயம் படிப்பேன். மறுநாள் கடைசிப் பாடவேளையில் அதைச் சொல்வேன். அதற்குமேல் ஒரு பக்கம்கூட முன்னே புரட்டுவதில்லை. இது நானாக விதித்துக்கொண்ட நோன்பன்று. மாணவர்கள் என்னிடம் வாங்கிய வாக்குறுதி. "டீச்சருக்கு முடிவு தெரிஞ்சா முகத்துலேயே தெரிஞ்சிடும்" என்றான் ஒருவன். பையன் சொன்னது உண்மைதான். மொத்தம் 14 அத்தியாயங்கள். இதுவரை 10 முடிந்திருக்கின்றன.

நூல், டெர்ரி பிராட்செட் எழுதி 2003-இல் வெளிவந்த 'தி வீ ஃப்ரீ மென்'. படிவம் நான்கில் பயிலும் என் மகளின் அலமாரியிலிருந்து எடுத்தேன். இவ்வாசிரியர் 1983 தொடங்கி, 2015-இல் மறையும் வரை, ஒரே கற்பனை உலகைக் களமாகக் கொண்டு 41 புதினங்களை எழுதியிருக்கிறார். அவற்றுள் இது முப்பதாவது. அவ்வுலகம் தட்டையானது, நான்கு யானைகளின் முதுகில் நிற்கிறது, அந்த யானைகளோ ஒரு பேராமையின்மேல் நிற்கின்றன! இதைச் சொன்னதும் ஆங்கிலக் கதை என்று விலகியிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தனர். திக்குயானைகளும் ஆமையும் நம் புராணங்களில் உலகைச் சுமப்பவைதாமே. அந்த வீட்டுச் சரக்குதான் ஆங்கில நகைச்சுவையாக உருமாறி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

கதைத் தலைவி டிஃபனி ஏக்கிங், ஒன்பது வயதுச் சிறுமி. ஆடு மேய்க்கும் குடும்பம். பாலாடைக்கட்டி செய்வதில் கெட்டிக்காரி. வீட்டில் இருந்த அகராதியை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள். அகராதியை அப்படிப் படிப்பதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையாம். முதல் அத்தியாயத்திலேயே ஆற்றிலிருந்து ஒரு பூதம் எழுகிறது. அதன் கண்கள் சூப்புத் தட்டு அளவு என்று கதைப்புத்தகம் கூறுகிறது. நம் பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? வீட்டிலுள்ள சூப்புத் தட்டை அளவுகோல் வைத்து அளக்கிறாள்! பிறகு தம்பியை ஆற்றங்கரையில் தூண்டில் இரையாக உட்காரவைத்து, எழுந்து வந்த பூதத்தை வாணலியால் ஓங்கி அடிக்கிறாள். வகுப்பில் எழுந்த சிரிப்பொலி கேட்டு அடுத்த வகுப்பாசிரியை எட்டிப் பார்த்தார்.

தம்பியை இரையாக வைப்பது நல்ல எடுத்துக்காட்டா என்று ஒரு தாயார் என்னிடம் வினவினார். நியாயமான வினாதான். ஆனால் அந்த அளவுகோல் என் வகுப்பில் செய்த வேலையை அவருக்குச் சொன்னேன். குரங்கும் முதலையும் கதையை நாம் எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்! இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று குரங்கு சொல்ல, முதலை நம்பித் திரும்பும். "இதயம் இல்லாம குரங்கு எப்படி டீச்சர் பேசும்? முதலை அறிவியல் படிக்கலையா?" என்று ஒரு மாணவி அந்த வாரம் கேட்டாள். 'சூப்புத் தட்டுக் கேள்வி' என்று எங்கள் வகுப்பில் அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். இப்போது கணிதப் பாடத்திலும் சூப்புத் தட்டுக் கேள்விகள் வருகின்றன. சில வேளைகளில் எனக்கு வியர்த்துப் போகிறது.

நிற்க. கதையின் உயிர் அந்த நீலக் குறும்பன்கள்தாம். ஆங்கிலத்தில் அவர்களுக்கு நாக் மேக் ஃபீகிள் என்று பெயர். ஆறங்குல உயரம், சிவப்பு முடி, உடல் முழுவதும் நீலப் பச்சைகுத்தல். குடிப்பது, திருடுவது, சண்டை போடுவது ஆகிய மூன்றுமே அவர்களின் தொழில். இவ்வளவு சண்டையும் குடியும் வாய்த்த இவ்வுலகமே சொர்க்கம், தாங்கள் முன்னமே இறந்து இங்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதனால் சாவுக்கு அஞ்சுவதில்லை. அஞ்சுவது வழக்கறிஞர்களுக்கு மட்டுமே! (குடியை நான் 'இனிப்புச் சாறு' ஆக்கிவிட்டேன். பெற்றோர் கவலைப்பட வேண்டாம்.)

அவர்கள் பேசுவது ஸ்காட்லாந்து வாடை வீசும் கொச்சை ஆங்கிலம். வகுப்பில் செந்தமிழ் பேசுவதில் பிடிவாதம் உள்ளவள் நான். இருந்தும், அவர்களைச் செந்தமிழில் பேசவைத்தால் அவர்கள் உருப்படியான மனிதர்களாகிவிடுவார்கள், கதை கெட்டுவிடும். ஆகவே நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயன் வீட்டுப் பேச்சை அவர்கள் வாயில் வைத்தேன். "ஐயய்யோ ஆத்தா, வக்கீலு வாரான்டா!" என்று நான் அலறியபோது, பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் எங்கே பிரிகின்றன என்பதை மாணவர்கள் தாமாகவே பட்டியலிடத் தொடங்கினர். இலக்கணப் பாடத்தில் அதற்கு எனக்கு மூன்று பாடவேளைகள் ஆகியிருக்கும்.

குறும்பன்களின் தாய்த்தலைவி இறக்கும் தறுவாயில் டிஃபனியைத் தன் இடத்தில் அமர்த்துகிறாள். அந்த மரபின்படி அவள் குறும்பன்களுள் ஒருவனை மணக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண் எப்படித் தப்பிப்பாள்? திருமணத்திற்கு நாள் குறிக்கிறாள். பெரும் மலை ஒன்றில் ஒரு குருவி வந்து அலகைத் தீட்டித் தீட்டி, அம்மலை தேய்ந்து தீரும் நாளே திருமண நாளாம்! நூறாண்டுக்கு ஒருமுறை மெல்லிய துணியால் மலையைத் துடைத்து, அம்மலை தேய்ந்தாலும் ஒரு கற்பம் தீராது என்று பௌத்தர் காலத்தை அளந்தது என் நினைவுக்கு வந்தது. முடியாது என்ற சொல்லைச் சொல்லாமலே முடியாது என்று சொல்லும் இவ்வித்தையை நம் பெண்பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு பகுதி வருகிறது. அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. நாடோடி ஆசிரியர்கள் கூடாரம் போட்டு, முட்டைக்கும் காய்கறிக்கும் பாடத்தை விற்கிறார்கள்! ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, முட்டை விற்கும் விலையில் அது நல்ல வருமானமாயிற்றே என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

சிரித்துக்கொண்டே வந்தவளை நிறுத்தியவை இரண்டு இடங்கள். ஒன்று, அவ்வூரில் தனித்து வாழ்ந்த பல்லில்லாக் கிழவியின் கதை. பிரபுவின் மகன் காணாமற்போக, அவளே சூனியக்காரி என்று ஊரார் முடிவுகட்டினர். அவள் குடிசையை அழித்தனர், பூனையைக் கொன்றனர். போக்கிடமின்றிக் குளிர்காலத்தில் அவள் இறந்துபோகிறாள். கதைப்புத்தகத்துச் சூனியக்காரி போல் தோற்றம் இருந்ததைத் தவிர வேறு சான்றில்லை. கதைகள் இப்படியும் கொல்லும் என்பதை நகைச்சுவைப் புதினம் ஒன்று எனக்குச் சொல்கிறது. எங்கள் தோட்டத்துக் கடைசி லயனிலும் ஒரு கிழவி இருந்தார். அவர் கையால் எதையும் வாங்கித் தின்னக்கூடாது என்பது எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. அவர் பெயர் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மற்றொன்று ஆறாம் அத்தியாயம். டிஃபனியின் பாட்டி, ஏக்கிங் பாட்டி, பெரிய இடையர். முரட்டுத் துணி, கனத்த காலணி, புகையிலை நெடி. அதிகம் பேசாதவர். அவருக்குச் சிறுமி ஒருநாள் பீங்கான் பொம்மை ஒன்றைப் பரிசளித்திருந்தாள். இடைச்சிதான், ஆனால் பட்டுப்போன்ற மடிப்புப் பாவாடை அணிந்த அழகிய இடைச்சி. பாட்டி இறந்தபின் அந்தப் பரிசு அவளை வாட்டுகிறது. 'இடைச்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், நீங்கள் இப்படி இல்லையே' என்று பாட்டியிடம் தான் சொல்லிவிட்டதாக ஆகிவிட்டதோ? கேட்டுத் தெளிய பாட்டியும் இல்லை.

அன்றிரவு அதற்குமேல் நான் பயிற்றி திருத்தவில்லை. மே 16, ஆசிரியர் தினத்தன்று என் வகுப்பு மாணவி ஒருத்தி எனக்கு ஒரு பரிசு தந்தாள். பூத்தாளில் அழகாகச் சுற்றிய, முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு. நான் கறுப்பு. நன்றி சொல்லி, தலையைத் தடவி வாங்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் யாரேனும் கடிந்திருக்கலாம், தோழியர் சிரித்திருக்கலாம். பின்வரிசைக்கு இடம் மாறிக்கொண்டாள். அவள் என்னைவிடவும் கறுப்பு. ஆறாம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான் அந்தப் பூத்தாள் எனக்குப் பிரிந்தது. தான் கண்டவற்றிலேயே அழகான பொருளை டிஃபனி பாட்டிக்குக் கொடுத்தாள். இவளும், தனக்குக் கிடைக்காதா என்று ஏங்கிய ஒன்றையே எனக்கு வாங்கியிருக்கிறாள்.

வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதாக நம் நாட்டுச் சுகாதார அமைச்சு எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். அதை ஒரு நலக்கல்விப் பாடமாக நடத்துவது எளிது. ஆனால் அந்தப் பாடம் முடியும்போது முப்பது தலைகளும் எந்தப் பக்கம் திரும்பும்? பூசிக்கொண்டு போகவும் மாட்டேன். எறியவும் மனமில்லை. களிம்பு மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மறுநாள் ஆறாம் அத்தியாயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில், கதை முடிந்ததும் நன்னெறிப் பண்பைக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது விதி. நிலாம் வாசிப்புக் குறிப்பேட்டிலும் படிப்பினைக்கு ஓர் இடம் உண்டு. அன்று கரும்பலகையைத் தொடவில்லை. பின்வரிசையிலிருந்து, பல நாள்களுக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. "பாட்டிக்குக் கோபமா டீச்சர்?"

"தெரியவில்லையம்மா. நான் இன்னும் அதுவரை படிக்கவில்லை" என்றேன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கோபம் இருக்கும் என்றது ஒரு பக்கம்; பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் கோபிப்பதில்லை என்றது மறுபக்கம். "எங்க பாட்டி கோவிப்பாங்களே!" என்றான் ஒருவன். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அதே கேள்வி. பனிநாட்டில் கனவு காட்டி மனிதரைச் சிறைப்படுத்தும் பிராணிகள் வந்தன. (கைப்பேசியோடு ஒப்பிட நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.) கடத்தப்பட்ட தம்பி வருகிறான். சுற்றிலும் இனிப்புக் குவியல் இருந்தும், ஒன்றை எடுத்தால் மற்றவற்றை எடுக்காததாகிவிடுமே என்று அழும் அவனைக் கண்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் பாட்டி எப்போது வருவார் என்று காத்திருந்தாள்.

வியாழன் இரவுகளில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஆசை மிகுந்திருக்கிறது. வாக்குறுதி தடுக்கிறது.

சென்ற வெள்ளி மணியடித்தபின் எல்லாரும் போய்விட்டனர். அவள் மட்டும் மேசையருகே வந்து நின்றாள்.

"அந்தப் பாட்டி நீங்களா இருந்தா, கோபமா டீச்சர்?"

"இல்லை. பத்திரமாக வைத்திருப்பேன்" என்றேன்.

அவள் மேசை இழுப்பறையைப் பார்த்தாள். பிறகு, அன்று அவள் முறை இல்லாதபோதும், துடைப்பானை எடுத்துக் கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைக்கத் தொடங்கினாள். உயரம் எட்டாத இடங்களை நான் துடைத்தேன்.