மூன்று தட்டல்களுக்குப் பின் வந்த வருஷங்கள்

தியானப் பகுதி: தானியேல் 1:1–17





பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகி, விண்ணப்பம், கலந்தாய்வு என்ற ஓட்டமெல்லாம் ஏறக்குறைய ஓய்ந்து, கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கவிருக்கும் நாட்கள் இவை. நம் சபையில் சில வீடுகளில் புதுப் பையும் புதுச் செருப்பும் வாங்கி வைத்தாயிற்று. சிலர் திண்டிவனத்திலேயே அரசு கலைக் கல்லூரியில் படிக்கப்போகிறார்கள். சிலர் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையம் நிலையமாக நின்று செல்லும் ரயிலில் விழுப்புரம் வரை நாள்தோறும் போய்வர வேண்டும். இவர்களுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லாத வீடுகளே மிகுதி. ஆகையால் இந்த வாரத் தியானத்தை அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசியுங்கள், உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு.

நம் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தின் மகள் ஐடா, 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து, நோயுற்றிருந்த தாயாருக்கு உதவியாக 1890-இல் இங்கே திண்டிவனத்துக்கு வந்தார். வந்த வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும், மிஷனெரியாக இந்த மண்ணில் தங்கிவிடக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். ஓர் இரவு பங்களாவின் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. முதலில் ஒரு பிராமணர், அடுத்து ஒரு இஸ்லாமியர், மூன்றாவதாக உயர்குல இந்து ஒருவர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான். ஆனால் ஓர் ஆண் வந்து தங்கள் மனைவியரைப் பார்ப்பதற்கு மூவரும் இசையவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் போய் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிந்தபோது பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறுதோறும் இந்தச் சம்பவத்தைச் சொல்லுகிறோம். சொல்லிவிட்டு, ஐடா அம்மையார் மருத்துவராகி வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார் என்று ஒரே தாவலில் முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் வெகுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அந்த இரவுக்கும் வேலூருக்கும் நடுவே என்ன இருந்தது?

படிப்பு இருந்தது. அதுவும் நீண்ட படிப்பு. 1895-இல் அவர் பென்சில்வேனியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தார். 1898-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது, பழகிய கல்லூரியை விட்டு அங்கே மாறினார். முடிக்கும் தறுவாயில் மறுபடியும் புது முகங்கள், புது வகுப்பறை. 1899-இல் பட்டம் பெற்றார். அழைப்பு வந்தது ஓர் இரவில்; அந்த அழைப்புக்கு ஏற்ற கைகளைப் பெற்றுக்கொள்ள நான்கு வருஷங்களுக்கு மேல் ஆயின. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்த அந்த வருஷங்களில் திண்டிவனத்தின் பறையொலி நாள்தோறும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் நாளைய தேர்வைப் பற்றிய கவலைதான் இருந்திருக்கும். படிப்பு என்பது அப்படிப்பட்டது. தேவன் அழைத்தார் என்பதற்காக உடற்கூற்றியல் எளிதாகிவிடுவதில்லை.

இதை நான் ஏன் இத்தனை அழுத்திச் சொல்லுகிறேன்? கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புகிறோம். நல்லது, வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே செய்வோம். ஆனால் அந்த ஜெபத்துக்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி வகுப்பில், பேராசிரியர் ஆங்கிலத்தில் நடத்துகிற இயற்பியல் ஒரு சொல்லும் விளங்காமல் அவன் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தானியேலின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிறைப்பட்டுப் போன யூதேயாவின் வாலிபர்களுக்கு வகுக்கப்பட்ட படிப்பு எத்தனை காலம்? மூன்று வருஷம். நம்முடைய பட்டப்படிப்பும் மூன்று வருஷந்தான். அந்நிய மொழி, அந்நிய எழுத்து, அந்நிய சாப்பாடு, பெயர் கூட மாற்றப்பட்டுவிட்டது. இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிற பலர் பாபிலோன் கெட்ட ஊர், கல்லூரியும் கெட்ட இடம், பிள்ளைகளே ஜாக்கிரதை என்று அச்சுறுத்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வேதம் அப்படி நிறுத்தவில்லை. தானியேல் கல்தேயரின் கல்வியை மறுக்கவில்லை, அதில் தேறினான். பெல்தெஷாத்சார் என்று வைக்கப்பட்ட பெயரைப் பற்றியும் அவன் வழக்காடியதாக எழுதப்படவில்லை. அவன் மறுத்தது ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மட்டுமே.

எப்படி மறுத்தான் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். தட்டைத் தள்ளிவிடவில்லை, ஒளித்துவைக்கவுமில்லை. பொறுப்பிலிருந்த பிரதானிகளின் தலைவனிடத்தில் போய்க் கேட்டான். அவன் அன்புள்ளவன்தான், ஆயினும் ராஜாவுக்குப் பயந்தான். தானியேல் அதோடு சோர்ந்து திரும்பிவிடவில்லை. தங்களை நேரடியாகக் கவனித்துக்கொண்ட மேல்ஷாரிடம் போனான். பத்து நாள் சோதித்துப் பாரும் என்று, எதிரிலிருப்பவன் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவுக்குத் தன் வேண்டுகோளைச் சிறியதாக்கிக் கேட்டான். மேலிடத்தில் வழி திறக்காவிட்டால் அடுத்த மனிதரிடம், மரியாதையோடு, திட்டமாகக் கேட்பது. இதுவும் விசுவாசத்தின் ஒரு செயல் என்றே நான் வாசிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், வேறொரு சபையில் நான் ஊழியம் செய்தபோது, கொத்தனார் ஒருவருடைய மகன் பட்டப்படிப்பில் சேர்ந்தான். பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். நாள்தோறும் காலையில் ரயிலேறினான். மாலையில் வீடு திரும்பினான். தாயார் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். ஐந்து வாரங்களாக அவன் வகுப்புக்கே போகவில்லை என்பது, சபையார் ஒருவர் அவனை நண்பகலில் ரயில் நிலைய நடைமேடையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கண்ட பிறகுதான் தெரியவந்தது. கெட்ட சேர்க்கை ஒன்றுமில்லை. குடியில்லை, கைப்பேசி விளையாட்டுமில்லை. முதல் உள்தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருந்தான், அவ்வளவுதான். “விளங்கலன்னு சொன்னா திட்டுவாங்களோன்னு பயந்துக்குனு வெளியவே உக்காந்துட்டேன் ஐயா” என்றான். வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் போய் ஒரு பாடத்தை மறுபடியும் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் எவருக்கும் தெரியாது. பல்கலைக்கழகங்கள் கேட்கிற 75 விழுக்காடு வருகைப்பதிவு அதற்குள் குறைந்துபோய், அந்தப் பருவத் தேர்வையே அவன் எழுத முடியவில்லை. மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தான். முடித்தானே என்று நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். முடிக்காமல் நின்றுபோன பிள்ளைகளும் நமக்குள் இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் “நல்லா படிச்சியா?” என்று கேட்காதேயுங்கள். அதற்கு “ம்” என்று ஒரே பதில்தான் வரும். “இன்னைக்கு எது விளங்கல?” என்று கேளுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத தாயாரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். விளங்கவில்லை என்பது வெட்கமல்ல என்று பிள்ளைக்கு அப்போது தெரியும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள். மருத்துவம் கிடைக்காததனால் பி.எஸ்ஸி.யில் சேர்ந்தவன் என்று உங்களை நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்வதை விட்டுவிடுங்கள். முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நூலக அட்டையையும் பெற்றுக்கொள்ளுங்கள். விளங்காத ஆங்கிலச் சொற்களை அன்றன்றே ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். ரயிலில் அதைப் புரட்டுவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. கலை, அறிவியல் பாடங்கள் பலவற்றில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே இடப்படுகிறது. கடைசித் தேர்வுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. ஞாயிறு பாடகர் குழுவிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் உங்களுக்குள்ள பொறுப்பை முதல் பருவத்துக்குக் குறைத்துக்கொள்ள விரும்பினால் என்னிடம் சொல்லுங்கள். தாராளமாக விடுவிக்கிறேன்.

சான்றிதழ் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இது பிரசங்க பீடத்துக்குரியதா என்று சிலர் கேட்கக்கூடும்; நம் சபைகளுக்கு இது கட்டாயம் உரியது. ஆதிதிராவிடர் குலத்திலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பங்களுக்கு, 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றே சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை நமக்கில்லை என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாநில அரசு அந்த உதவித்தொகையை மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. கல்லூரி அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் அது போதும். கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஐடா அம்மையார் தாம் கற்றதோடு நிற்கவில்லை என்பதையும் நினைவுகூருகிறேன். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த முதல் வகுப்பிலிருந்து பதினான்கு பெண்கள் 1922-இல் தேறி வெளியே வந்தார்கள். வீட்டைவிட்டு வெளியே அனுப்பத் தயங்கிய காலத்தில் வந்து சேர்ந்த அந்தப் பெண்களுக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். விளங்காத ஒரு பிற்பகல் இருந்திருக்கும். இன்று அதே திண்டிவனம் ரயில் பாதையில், முண்டியம்பாக்கத்தில், 2010-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெள்ளை அங்கியைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு பெண்பிள்ளைகள் அந்தச் சிறிய நிலையத்தில் இறங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு பேரின் நினைவு வரும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின், கல்லூரியில் சேருகிற பிள்ளைகள் பெற்றோரோடு சபை மண்டபத்தில் இருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித்தர இசைந்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் அதே மண்டபத்தில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் உட்காரவும் முன்வந்திருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஏற்கெனவே படிக்கும் நம் வாலிபர் மூவர், முதல் வாரம் முழுவதும் புதிய பிள்ளைகளோடு ஒரே பெட்டியில் போய், வகுப்பறை வாசல் வரை கூட்டிச்செல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளோடு போவதற்கு மூத்த மாணவி ஒருவராவது வேண்டும். உங்கள் வீட்டில் இருந்தால் சனிக்கிழமைக்குள் சபை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.