நான்காம் புகைபோக்கி

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் மாணவர்கள் உரையாசிரியர்கள் தந்தவற்றையே ஒப்பிப்பர். கடல் கடந்து வந்த ஒரு சொல் நம் வீட்டிலேயே வாழ்ந்தது. அச்சொல் 'எம்டன்'.

அருப்புக்கோட்டையில் நெசவாளர்களுக்கு நூல் விற்கும் கடை நம் அத்தாவுடையது. கணக்கில் கறார், பேச்சில் சிக்கனம், முகத்தில் சிரிப்பு என்பது அரிது. ஆகவே தெருவார் அவர் காதில் விழாதவாறு அவரை 'எம்டன்' என்றனர். எட்டாம் வகுப்புப் படிக்கையில் நாமும் ஒருநாள் நண்பர்களிடம், "எம்டன் வருது, ஓடுங்கடா!" என்றோம். திரும்பிப் பார்த்தால் பின்னால் அத்தா நின்றிருந்தார். அவர் அடிக்கவில்லை, கடியவுமில்லை. பேசாமல் கடைக்குப் போய்விட்டார். அந்த மௌனம் முப்பது ஆண்டுகளாக நம் நெஞ்சில் முள்ளாயிருந்தது.

எம்டன் என்பது ஜெர்மனியின் ஓர் ஊர்ப்பெயர். அவ்வூரின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1908இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அது சென்னைத் துறைமுகத்தை நெருங்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தோர் சிலர் மாண்டனர். மக்கள் அஞ்சி நகரை விட்டு வெளியேறினர். கப்பல் அன்றிரவே போய்விட்டது; பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

துறையின் கண்காட்சிக்குத் திசைச்சொற்கள் பற்றி ஏதேனும் செய்ய வேண்டும் என்றபோது, இக்கப்பலைக் காகிதத்தில் கட்டுவது என்று துணிந்தோம். விலைக்கு வாங்கி ஒட்டும் அச்சுத்தாள் அன்று. நாமே அளந்து, வரைந்து, வெட்டிச் செய்வது. கடலைக் காண நாழிகைக் கணக்கில் பேருந்தில் போக வேண்டிய கரிசல் காட்டில் கப்பலா என்று நண்பர்கள் நகைத்தனர். திருச்சுழியில் அம்மாவின் பிறந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் குண்டாற்றில் மணலையே கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஐப்பசியில் தெருவில் நீரோடும் ஓரிரு நாளில் விட்ட காகிதக் கப்பல்தான் நாம் அறிந்த கப்பல்.

உண்மைக் கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். இருநூற்றைம்பதில் ஒரு பங்கு என்று கொண்டால் நீளம் 47.3 சென்டிமீட்டர், அகலம் 5.4 சென்டிமீட்டர். பக்கவாட்டில் எடுத்த பழைய ஒளிப்படத்தில் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, மொத்த நீளத்தோடு விகிதம் பார்த்துப் படம் வரைந்தோம். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் கட்டுவதென முடிவு. நடுவே நெடுக ஓர் 'ஏரா'. குறுக்கே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக விலா எலும்புபோல் 'வங்கு'கள். படகு கட்டுவோர் வழங்கும் இச்சொற்களை மாணவர்கள் அன்றுதான் கேட்டனர்.

ஏராவுக்கும் வங்குக்கும் சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் அட்டை. மேல்தோலுக்குக் கல்யாணப் பத்திரிகைத் தாள். தாள் பாய்போல் ஒரு திசையில் சுருளும். மாம்பழத் தோல்போல் இரு திசையில் வளையாது. எனவே முகப்பாகிய அணியத்திலும், பின்புறமாகிய அமரத்திலும் தோலைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி ஒட்ட வேண்டியதாயிற்று. பீரங்கிகள் பத்து, குழல் ஒவ்வொன்றும் 17 மில்லிமீட்டர். மெல்லிய தாளைத் தையலூசியில் சுற்றிச் செய்தோம்.

முதற்கப்பல் பாழாயிற்று. தாள் தடிப்பாக இருக்க வேண்டும் என்று ஏராவின் ஒரு பக்கத்தில் மட்டும் மைதாப் பசை தடவி இன்னொரு தாளை ஒட்டியிருந்தோம். பங்குனி வெயிலில் காய்ந்ததும் அது வாழைப்பழம்போல் வளைந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மேசையில் கிடந்த அதை அத்தா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும் பசை வச்சா கோணத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் ஒட்டி, பாரம் ஏத்தி வை." பாவுக்குக் கஞ்சி ஏற்றுவதை ஆயுள் முழுதும் கண்டவர் சொன்னது பலித்தது. மறுநாள் பாய்மரக் கயிறுகளுக்கென 100ஆம் நம்பர் நூற்கண்டு ஒன்று மேசையில் இருந்தது. கப்பலின் அளவுக்கு விரித்தால் அந்நூல் இரண்டு சென்டிமீட்டர் தடித்த கயிறாகும்.

கப்பல் முடிந்த இரவு அத்தா அருகே வந்தமர்ந்தார். "இதுதான் அந்த எம்டனா?" என்றார். நாம் தலை கவிழ்ந்தோம். பிறகு கதையைச் சொன்னோம். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதைச் சிதைத்தது. நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தீவில் இறங்கியிருந்த ஐம்பது பேர் அங்கு நின்ற பாய்க்கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினர். பின்பு வேறு கப்பலில் ஏமன் கரை சேர்ந்து, ஹிஜாஸ் வழியாக நடந்தும் ஒட்டகமேறியும் சென்று, சிலரை வழியில் இழந்து, 1915 மே மாதம் இஸ்தான்புல்லை அடைந்தனர். அப்பாய்க்கப்பலின் பெயர் 'ஆயிஷா'.

அத்தா அடுக்களைப் பக்கம் திரும்பினார். "கேட்டியா? எம்டன்காரங்களக் காப்பாத்துனது ஆயிஷாவாம்!" அம்மாவின் பெயரும் அதுவே. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

கப்பலில் புகைபோக்கிகள் மூன்று. பக்கத்தில் தனியே ஒன்று கிடந்தது. பகைவர் தம் கப்பலென்று மயங்குவதற்காக எம்டன் வைத்துக்கொண்ட பொய்ப் புகைபோக்கி அது என்றோம். வேண்டும்போது வைக்கலாம், எடுக்கலாம். அத்தா அதை எடுத்துச் சிறிது நேரம் உருட்டிப் பார்த்தார். பின்பு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கடைக்குப் போகும்போது இது வேணும்" என்று சொல்லி எழுந்தார்.

மன்னிப்பு என்னும் சொல்லை அன்றும் நாம் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. கண்காட்சியில் கப்பல் மூன்று புகைபோக்கிகளோடுதான் நின்றது. நான்காவது எங்கே என்று கேட்ட மாணவர்களிடம், அது உரியவரிடம் இருக்கிறது என்றோம். கண்டிப்பான தந்தையர் வாய்த்த மாணவர்கள் ஒருமுறை அருகே சென்று எண்ணிப் பாருங்கள்: அவற்றுள் எது மெய், எது பொய்யென்று.