வெஜ் அவுட்

மூணு வாரமா இங்க எதுவும் எழுதலை. குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கேன். ஒன்றரை மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

பெங்களூர்ல வேலை பாக்குற மக போன்ல, "நல்ல சான்ஸ்ப்பா, பேசாம வெஜ் அவுட் பண்ணுங்க"ன்னா. வெஜ்னா காய்கறிதானே, தோட்டத்துல எதைப் பிடுங்கச் சொல்றான்னு முழிச்சேன். அப்புறம் அவளே விளக்கினா. டிவி முன்னாடி சாஞ்சுக்கிட்டு, மூளைக்கு வேலையே குடுக்காம மணிக்கணக்கா கிடக்கறதாம். தூக்கமும் இல்ல, வேலையும் இல்ல. "ஞாயித்துக்கிழமை பூரா வெஜ் அவுட் பண்ணேன்"னு பேசிக்குவாங்களாம். அதாவது காய்கறி மாதிரி கிடக்கறது!

எனக்குச் சுருக்குன்னுச்சு. எந்தக் காய்கறிங்க சும்மா கிடக்குது? நம்ம பந்தல்ல பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், புடலம்பூ இருட்டுற நேரத்துக்கு. நாம படுக்கப் போறப்ப அதுகளுக்கு வேலை ஆரம்பிக்குது. புடலம்பிஞ்சு நுனியில கல்லைக் கட்டி விடுறோம். அந்தப் பாரத்தோடதான் அது நீளுது.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்ல. டிவியே கதின்னு கிடக்கறவனை இங்கிலீஷ்ல 'கௌச் பொட்டேட்டோ'ன்னு சொல்வாங்க, சோபா உருளைக்கிழங்கு. 2005ல இங்கிலாந்து உருளைக்கிழங்கு விவசாயிங்க அந்த வார்த்தையை ஆக்ஸ்போர்டு அகராதியில இருந்து எடுக்கச் சொல்லி லண்டன்லயும் ஆக்ஸ்போர்டுலயும் போராட்டமே நடத்துனாங்க. அகராதிக்காரங்க எடுக்கலை. நாம விலைக்குப் போராடுறோம், அவங்க பேருக்குப் போராடியிருக்காங்க.

சரி, மக ஆசையா சொன்னாளேன்னு ஒருநாள் டிவியைப் போட்டுச் சாஞ்சேன். ஓடிட்டிருந்த மோட்டார் சத்தம் நின்னுச்சு. எந்திரிக்கலாமான்னு பாக்குறேன், வீட்டுக்காரம்மா தலையில புடலங்காய்க் கூடையோட உள்ள வந்தா. நான் சுமக்குற கூடை அது. இறக்கி வச்சுட்டு, "நீங்க எந்திரிக்காதீங்க, ஃபீஸ் போயிருக்கும், நான் பாத்துக்கறேன்"னு திரும்பப் போயிட்டா.

எட்டு வருசம் முன்ன அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பதினோராம் நாள் மாட்டுக்கிட்ட உக்காந்து பால் கறந்தா. வெஜ் அவுட் பண்ணுன்னு அவகிட்ட யாரும் சொல்லலை. நானும் சொல்லலை. பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

இப்ப காய் பறிக்க அக்கா மகனை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லியிருக்கேன். கூலி குடுத்துடறேன்னேன், சரின்னுட்டான். நேத்து சாயங்காலம் வீட்டுக்காரம்மாவை வலுக்கட்டாயமா உக்கார வச்சு சீரியல் போட்டு விட்டேன். அரைமணி நேரம் பாத்தா. பாத்துக்கிட்டே பூண்டு உரிச்சா.